கூரை போட்ட களம்

இங்கிலாந்தின் 'பார்ன்' கட்டடத்தை நம் அகராதிகள் களஞ்சியம் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. உண்மையில் அது கூரை போட்ட களம். நம் ஊர்களில் அறுவடை முடிந்தால் வெட்டவெளியிலேயே கதிரடித்துப் பொலி தூற்றிவிடலாம். மழையை நம்ப முடியாத அந்த நாட்டில் கதிர்க்கட்டுகளை நடுவிலுள்ள கதிரடித் தரைக்கு இருபுறமும் கூரையளவு அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடியால் அடித்தார்கள். நீளச் சுவர்களில் எதிரெதிரே, பாரவண்டி நுழையும் உயரத்துக்குக் கதவுகள் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் குறுக்கே ஓடும் காற்று பதரைக் கொண்டுபோய்விடும். எலி பிடிக்கும் ஆந்தை வந்துபோக முகட்டுச் சுவரில் ஒரு துளை விடுவதும் உண்டு. மற்றபடி உள்ளே அறை என்று எதுவும் இல்லை. ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-ஐ ஒட்டிக் கட்டிய பார்ன் ஏறத்தாழ 58 மீட்டர் நீளம். முழுவதும் ஒரே கூடம். அந்த வெற்றிடம்தான் பார்னின் வரலாறு.

1780-களில் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரம் செய்தார். குளிர்காலக் கூலி பறிபோனதால் 1830-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதித் தொழிலாளர்கள் அந்த இயந்திரங்களை உடைத்தார்கள்; கலவரம் தென் மாவட்டங்களெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறுப்பதையும் அடிப்பதையும் வயலிலேயே முடிக்கும் இயந்திரம் பரவலாக வந்தது, பார்னுக்கு வேலை போயிற்று. பல வீடுகளாயின. வீடு என்றால் மாடி வேண்டும், நடை வேண்டும், அறைக்கொரு ஜன்னல் வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் பார்ன். உள்ளே போனால் சாதாரண வில்லா.

பாட்டி முதல் பேரன் வரை பதினைந்து பேர் ஒரு வாரம் தங்கும் விடுமுறை விடுதியாகப் பார்னை மாற்றினாலோ முதல் தேவை ஒரே நீள மேசை. நடுப்பகுதியை உத்தரம் வரை திறந்தே விடலாம். வண்டிக் கதவிருந்த இடத்தில் கண்ணாடி பதிக்கலாம். படுக்கையறைகளை இரு முனைகளுக்கோ பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்கோ தள்ளலாம். புதிய பயன்களில் கட்டடத்துக்குக் குறைந்த சேதம் செய்வது இதுதான் என்பேன்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காதபோது விருந்தாளிக்குக் கட்டடமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்போரே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆனால் அங்கே பிரச்சினை குடும்ப வீடுகள் விடுமுறைக்கு மட்டும் வருவோர் கைக்கு மாறுவது. கூடம் பெரிய பார்ன், புதுமணத் தம்பதி வாங்கும் முதல் வீடு அல்ல. அதை வீடாக்கினாலும் பண்ணைக் கூலிக்காரரால் வாங்க முடியாது. வியர்வை சிந்திய இடத்தில் ஒயின் குடிப்பதா என்ற முணுமுணுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தரைக்கடியில் வெப்பக்குழாய் பதிக்கும்போது பழைய கதிரடித் தரை போய்விடுவதும் நிஜமான இழப்பு. எனவே அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள் ஒரு நிபந்தனையாவது போடட்டும்: எதிரெதிர்க் கதவுகளுக்கு நடுவே மாடியும் கூடாது, சுவரும் கூடாது.