கலியாண உடுப்பை இரவல் வாங்கிய ஊர்

கண்டி, அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண சீசன் தொடங்கிவிட்டது. வீட்டில் வயது வந்த பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை வரலாற்றுப் பாடத்தில் கண்டி இராச்சியம் எடுத்துக்கொண்டிருந்தோம். 1594இல் தந்துரைப் போர். போர்த்துக்கேயர் தோனா கத்தரினா என்ற இளவரசியை அரசியாக்கக் கூட்டி வருகிறார்கள். கொனப்பு பண்டார அவர்களைத் தோற்கடித்து, இளவரசியைக் கைப்பற்றி மணம் முடித்து, முதலாம் விமலதர்மசூரியனாக அரியணை ஏறுகிறான். 1604இல் அவன் இறந்ததும் செனரத் அதே அரசியை மணந்து மன்னனாகிறான். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்தபோது பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். "டீச்சர், அந்தப் பொம்பிளைக்கிட்ட ஆராவது விருப்பமா எண்டு கேட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. எம்மால் சிரிக்க முடியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த நாள் முதல் இந்தப் பாடத்தைத் திகதிகளாகவும் போர்களாகவும்தான் பார்த்திருக்கிறோம். அதை ஒரு கலியாணமாகப் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து கையில் கிடைத்ததையெல்லாம் புரட்டினோம். அந்தத் தேடலில் வந்ததுதான் இது.

முதலில் ஒன்று. கண்டி இராச்சியத்தின் கதையே கலப்புக் கலியாணத்தில்தான் தொடங்குகிறது. தோனா கத்தரினா கண்டி அரசன் கரலியத்த பண்டாரவின் மகள். போர்த்துக்கேயரிடம் வளர்ந்து ஞானஸ்நானம் பெற்றவள். கொனப்பு பண்டாரவும் போர்த்துக்கேயரிடம் இருந்து தொன் ஜுவான் என்று பெயர் வாங்கி, பிறகு பௌத்தத்துக்குத் திரும்பியவன். அவளை இரண்டாவதாக மணந்த செனரத் ஒரு காலத்தில் பிக்குவாக இருந்தவன். போர்த்துக்கேயர் 1626இல் கரையோரத்திலிருந்து எமது முன்னோரை விரட்டியபோது இடம் கொடுத்துக் குடியேற்றியதும் இந்தச் செனரத்தான்.

அடுத்தது நாயக்கர் காலம். கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். நரேந்திரசிங்கன் 1739இல் வாரிசில்லாமல் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடி சூடினான். கலியாணத்தில் வந்த உறவு ஒரு பரம்பரையையே மாற்றிவிட்டது. 1815 வரை நான்கு நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். மன்னரின் மாமன் மச்சான்மார் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர். மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் மகுல் மடுவவைப் பாருங்கள். 1783இல் ராஜாதி ராஜசிங்கன் கட்டத் தொடங்கிய அரச சபை மண்டபம் அது. 1815 மார்ச் 2ஆம் திகதி நாட்டை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்ததும் அங்கேதான். 'மகுல்' என்றால் சிங்களத்தில் கலியாணம், மங்கலம். நமது 'மங்கலம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

இதெல்லாம் அரச வீட்டுச் சங்கதி. எமது வீட்டுக் கதையும் அப்படித்தான். இரண்டாம் ராஜசிங்கன் காலத்தில் (1635–1687) மூன்று அரபிகள் கண்டிக்கு வந்து, பெண் வீட்டாரின் எதிர்ப்பையும் மீறிக் கண்டிப் பெண்களை மணந்து குடியேறியதாக அக்குறணையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதை எவ்வளவு தூரம் சரியோ, எம்மில் பல குடும்பங்களுக்கு இன்றும் சிங்கள 'கெதர'ப் பெயர் இருக்கிறது. உறுதிப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே 'எங்கட முறை, அவங்கட முறை' என்று கோடு கிழிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சாதாரண சனங்கள் எப்படிக் கலியாணம் முடித்தார்கள்? இதற்கு நல்ல சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ 20 வருடம் கண்டி நாட்டில் கைதியாக இருந்து, 1679இல் தப்பிப் போன ஆங்கிலேயன். 1681இல் வெளியான அவனுடைய நூலில் கலியாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். பெற்றோர்தான் பேசி முடிப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கலியாண உடுப்பு அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே பாத்திரத்தில் உண்பார்கள். இருவரும் ஒரே தரம் என்பதற்கு அது அடையாளம். சில வேளை பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். துணியின் இரு முனைகளை இருவரும் பிடித்திருக்க மேலே தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. மறுநாள் மேள தாளத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பெண் முன்னால் நடப்பாள், மாப்பிள்ளை பின்னால் வருவான். எப்போதோ ஒருவன் முன்னால் போனபோது பின்னால் வந்த மனைவியை யாரோ கடத்திப் போய்விட்டார்களாம். அதிலிருந்து அப்படி.

இன்று சிங்களச் சகோதரர்களின் போருவ மேடையில் சின்ன விரல்களை நூலால் கட்டித் தண்ணீர் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நொக்ஸ் பார்த்ததன் சாயல் அதில் தெரிகிறது. ஒரே பாத்திரத்தில் உண்பது எமது சஹனில் தெரிகிறது. ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் முதலாளி யார், கூலி யார் என்று தட்டுக்குத் தெரியாது.

ஆனால் நொக்ஸ் எழுதியதில் எம்மை நிறுத்தி வைத்த வரி வேறு. மாப்பிள்ளை ஏழையாக இருந்து பெண்ணுக்கு உடுப்பு வாங்க முடியாவிட்டால் என்ன செய்வான்? இரவல் வாங்குவான். அது வழக்கம் என்று எழுதுகிறான். வெட்கம் என்று எழுதவில்லை. கடன்பட்டான் என்றும் எழுதவில்லை. அயலில் ஒருத்தி உடுத்த துணியை இன்னொருத்தி உடுத்துக் கலியாணம் முடித்தாள், ஊர் வந்து சாப்பிட்டுப் போனது.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. யார் எதை உடுக்கலாம் என்பதைக் குலமும் பதவியும் தீர்மானித்தன. சில குலத்தவர் முழங்காலுக்குக் கீழே துணி இறக்கக் கூடாது. நாற்கோணத் தொப்பியும் மடிப்பு மடிப்பாய்ச் சுற்றிய துணியும் கொண்ட நிலமே உடுப்பு பிரதானிகளுக்கு மட்டும். இன்று ஒரு சாதாரணக் கடைப் பையன் அதே உடுப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, முன்னால் வெஸ் நடனமும் மகுல் பெரயும் வர, பிரதானியைப் போல நடக்கிறான். நாம் இதைக் கேலி பண்ண மாட்டோம். பாட்டன் உடுத்தால் தண்டனை கிடைத்திருக்கும் உடுப்பைப் பேரன் தன் இஷ்டத்துக்கு உடுக்கிறான். அது ஒரு விடுதலை.

மணமகளின் ஒஸரியும் அப்படியே. நாயக்க அரசிகளோடு வந்த சேலை, ஐரோப்பியரிடம் கண்ட புடைத்த கை என்று சொல்வார்கள். கழுத்தில் தொங்கும் 'பதக்கம்' என்ற சொல்லே தமிழ்ச் சொல். அந்தத் துணிகளில் பெரும்பகுதி கரையிலிருந்து மலைக்கு ஏறியது பொதி மாட்டுத் தவளங்களில். உப்பும் துணியும் ஏற்றிக் கொண்டு வந்து, பாக்கு ஏற்றிப் போனவர்களில் எமது பாட்டன்மார் பலர். நொக்ஸ் கண்ட ஒரு மணப்பெண்ணின் துணியை எமது பாட்டன் ஒருவர் சுமந்து வந்திருக்கக் கூடும்.

வெள்ளைக்காரன் வந்த பிறகு கலியாணம் கடதாசிக்குள் போனது. கண்டியில் அதுவரை மனைவி கணவன் வீட்டுக்குப் போனால் 'தீக', கணவன் மனைவி வீட்டுக்கு வந்தால் 'பின்ன'. பிடிக்காவிட்டால் பிரிந்து போகலாம். சகோதரர்கள் சேர்ந்து ஒரு மனைவியை வைத்திருப்பதும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்து பதிவைக் கட்டாயமாக்கியது. சனங்கள் பழையபடியே பதியாமல் வாழ்ந்ததால், அவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகிப் போனார்கள். 1870இல் சட்டத்தை மாற்றி, இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்று இறங்கி வந்தார்கள். இப்போது நடைமுறையில் இருக்கும் கண்டிய விவாகச் சட்டம் 1952ஆம் ஆண்டுக்குரியது.

எமக்கு 1806இல் ஒரு சட்டக்கோவை வந்து, 1852இல் முழு இலங்கைக்கும் விரிந்தது. 1886இலும் 1929இலும் பதிவுச் சட்டங்கள் வந்தன. பிறகு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். மற்றவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டம். வேறு வேறு மதத்தவர் மணந்தால் அவர்களுக்கும் அதுதான். கட்டுக்கலையில் பிள்ளையார் கோயிலும் ஜும்ஆப் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அந்த ஒரே பாதையில் மூன்று சட்டத்தின் கீழ் கலியாணம் நடக்கிறது.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மஹருக்கு இடம் உண்டு. கைக்கூலிக்கும் இடம் உண்டு. கைக்கூலி என்பது பெண்ணுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம். அதைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு உரிமை இருக்கிறது. இது எமது பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், வலி ஒப்பமிடுகிறார், நிக்காஹ் நடத்தியவர் ஒப்பமிடுகிறார். மணமகளின் கையொப்பத்துக்கு அதில் இடமில்லை. 2009இல் சட்டத்தைத் திருத்த ஆராய நியமித்த, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல் அறிக்கை கையளித்தது. அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. வாதம் நடக்கட்டும். ஆனால் பெண்ணின் சம்மதம் மார்க்கத்தில் புதிதாக நுழைந்த விசயம் இல்லை என்பதை எந்த உலமாவும் மறுக்க மாட்டார்.

பின் வாங்கு மாணவியின் கேள்வி இங்கே வந்து நிற்கிறது.

இன்றைய கண்டிக் கலியாணத்தைப் பார்ப்போம். வெடிங் பிளானர் இருக்கிறார். தீம் கலர் இருக்கிறது. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். 'எங்கட கலியாணம் எங்களைப் போல இருக்கணும்' என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் பிழை இல்லை. மேலே சொன்ன கதை முழுவதும் அந்த ஆசையின் கதைதான். பிழை எங்கே என்றால், ஹோலையும் கேக்கையும் பூவையும் பற்றி மூன்று மாதம் பேசுகிறோம், பெண்ணிடம் மூன்று நிமிடம் பேசுவதில்லை. பிறகு உம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது, வாப்பா லோன் எடுக்கிறார். கொரோனா காலத்தில் பத்து இருபது பேரோடு நிக்காஹ் நடந்தது. அந்தக் கலியாணங்கள் எதுவும் குறைந்த கலியாணமாகிவிடவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது 'இனி எளிமைதான்' என்று எல்லோரும் சொன்னோம். வரிசை முடிந்ததும் சொன்னது மறந்துவிட்டது.

அண்மையில் எமது பழைய மாணவி ஒருத்தியின் நிக்காஹ்வுக்குப் போனோம். வீட்டு முற்றத்தில் பந்தல். அவள் உடுத்திருந்தது சாச்சி கலியாணத்துக்குக் கட்டிய சேலை; ஓரம் மட்டும் புதிதாகத் தைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் மகளின் கலியாணப் பதக்க மாலையைக் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டுவிட்டார். 2018 மார்ச்சில் திகன எரிந்த பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் கொஞ்ச நாள் பேச்சு இல்லை என்பது எமக்குத் தெரியும். அதனால் அந்த மாலையைப் பார்க்கும்போது கண் கலங்கியது.

நிக்காஹ்வுக்கு முன் வலி எழும்பி ஒரு தாளை வாசித்தார். மகள் தன் கையால் எழுதியது. இவரை மணக்கத் தனக்குச் சம்மதம், மஹராகத் தான் கேட்டது இது, கைக்கூலி வாங்கவில்லை. கீழே அவளுடைய ஒப்பம். சட்டம் அந்தத் தாளைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு சஹன் வந்தது, வட்டிலப்பம் வந்தது, அஸருக்கு முன் எல்லாம் முடிந்தது.

நாம் பார்த்த கலியாணங்களில் மிக ஸ்டைலான கலியாணம் அதுதான்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பின் வாங்கு மாணவிக்குப் பதில் சொன்னோம். "தோனா கத்தரினாவிடம் யாரும் கேட்டதாக எந்தப் புத்தகத்திலும் நாம் காணவில்லை. உன்னிடம் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீ கேள்."

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில் உம்மும்மா காலத்துக் கலியாணப் படமோ, அழைப்பிதழோ, பழைய பதிவுத் துண்டோ இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த உடுப்பை யார் கொடுத்தார்கள், யாரிடம் இரவல் வாங்கினார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கண்டி முஸ்லிம்களின் வரலாற்றில் பாதி அந்த அலுமாரிகளில்தான் இருக்கிறது. பாடசாலையில் பிள்ளைகளோடு சேர்ந்து அதைத் தொகுக்க நாம் தயார், இன்ஷா அல்லாஹ்.

பிழை இருந்தால் மூத்தவர்கள் திருத்துங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.