எஸ்எஸ்எச் வழி எக்ஸ் கடத்தல்

எஸ்எஸ்எச் வழி எக்ஸ் கடத்தல் என்பது, தொலைவிலுள்ள கணினியில் இயங்கும் வரைகலைச் செயலியின் சாளரத்தை, குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியே பயனரின் திரையில் தோன்றச் செய்யும் முறையாகும். ஒரே வன்பொருளைப் பலவாகப் பகுத்து உருவாக்கப்படும் மெய்நிகர் சேவையகங்களுக்குத் தனித் திரை இல்லையாதலால், அவற்றில் வரைகலைச் செயலிகளை இயக்க இம்முறை கைகொடுக்கிறது.

இதன் அடித்தளமான எக்ஸ் சாளர அமைப்பை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிசும் 1984இல் உருவாக்கத் தொடங்கினர். அங்கு அதீனா திட்டத்தின்கீழ் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒரே வலையமைப்பில் இயங்க வேண்டியிருந்தமையால், செயலி ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருப்பதற்கு இவ்வமைப்பு தொடக்கத்திலேயே இடமளித்தது. 1987 செப்டம்பரில் வெளியான 11ஆம் பதிப்பின் நெறிமுறையே இன்றும் வழக்கில் உள்ளது. இதில் திரையை ஆளும் நிரல் 'சேவையகம்' எனவும், அதனிடம் வரையுமாறு கோரும் செயலி 'கிளையன்ட்' எனவும் அழைக்கப்படுவதால், பயனரின் மேசைக் கணினியிலேயே எக்ஸ் சேவையகம் இயங்குகிறது.

எக்ஸ் நெறிமுறை தகவல்களைக் குறியாக்கமின்றி அனுப்பியதால், தட்டச்சாகும் கடவுச்சொற்களையும் வலையமைப்பில் ஒட்டுக்கேட்க முடிந்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கடவுச்சொல் திருட்டைத் தொடர்ந்து, தாத்து யூலோனென் 1995இல் உருவாக்கிய எஸ்எஸ்எச், எக்ஸ் இணைப்புகளையும் தன் குறியாக்கத்துக்குள் கொண்டுவந்தது. இதன்படி, தொலைக் கணினியில் உள்ள எஸ்எஸ்எச் சேவை, வழக்கமாக 10 என்னும் எண்ணில் தொடங்கும் போலித் திரை ஒன்றை அமைத்து, செயலிகள் அதற்கு அனுப்பும் கோரிக்கைகளைப் பயனரின் கணினிக்குக் கடத்துகிறது. திரையை அணுகுவதற்கான உண்மையான அனுமதிச் சாவி தொலைக் கணினிக்குச் செல்வதில்லை.

ஆயினும் தொலைக் கணினியின் நிர்வாகி தீய எண்ணம் கொண்டவராயின், இக்கடத்தலின் வழியே பயனரின் திரையையும் விசைத்தட்டல்களையும் கண்காணிக்கக்கூடும் என்பதால், எஸ்எஸ்எச்சின் ஒரு செயலாக்கமான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 2004இல் வெளியான 3.8ஆம் பதிப்பு, நம்பகமான கடத்தலையும் கட்டுப்படுத்தப்பட்ட கடத்தலையும் வேறுபடுத்தியது. மேலும், எக்ஸ் செயலிகள் பலமுறை கேள்வி அனுப்பி விடைக்குக் காத்திருப்பதால், தாமதம் மிகுந்த இணைய இணைப்புகளில் அவை மந்தமாகின்றன. இத்தகைய சூழல்களில் முழுத் திரையையும் படமாக அனுப்பும் விஎன்சி, தகவலைச் சுருக்கிக் காத்திருப்பைக் குறைக்கும் என்எக்ஸ், இணைப்பு அறுந்தாலும் செயலியை உயிருடன் வைத்திருக்கும் எக்ஸ்ப்ரா ஆகியவை மாற்றுகளாகப் பயன்படுகின்றன.

2008இல் தொடங்கப்பட்ட வேலேண்ட் என்னும் புதிய காட்சி நெறிமுறை, வலையமைப்பு வழி இயக்கத்தைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை. அதன் செயலிகளை எஸ்எஸ்எச் வழியே இயக்க வேபைப் என்னும் தனிக் கருவி பயன்படுகிறது.