வடசென்னையின் நாடகக் களமும் அதன் பார்வையாளர்களும்

நாடகம் பார்க்க வருபவர் இருட்டில், பேசாமல், எழுந்து நடக்காமல், கடைசி மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சென்னைக்கு ஏறத்தாழ 130 ஆண்டுப் பழக்கம்தான். ஜார்ஜ் டவுனில் தொடங்கிய சபாக்களோடு அது வேர்பிடித்தது. அதற்கு வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கோயில் வாசலில் நடந்த கூத்துகளுக்கு அப்படியொரு விதி கிடையாது. ஆட்டிசம் உள்ள ஒரு பதின்வயதுப் பிள்ளையைப் பற்றிய நாடகத்தை, அதே இயல்புடைய பிள்ளைகளும் வந்து பார்க்கும்படி நடத்த வேண்டும் என்றால் முதலில் தளர்த்த வேண்டியது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். ஆகவே இத்தகைய நாடகத்தின் வரலாறு மேடையைவிட மேடைக்கு எதிரே இருக்கும் இடத்தைப் பற்றியது.

அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்பதைத் திருவொற்றியூர் இன்றும் காட்டுகிறது. தியாகராஜர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கும். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த கதைதான் அது. பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்த நேரத்துக்கு மட்டும் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கச் சொல்லிவிடுகிறார். பெரியபுராணம் சொல்லும் இந்த வேடிக்கையான சிக்கலை ஊரே கூடி நின்று பார்க்கிறது. இருக்கை கிடையாது. பிள்ளைகள் தோளில் இருப்பார்கள், நெரிசல் பிடிக்காதவர் மாடவீதிப் பக்கம் ஒதுங்கிவிட்டுப் பிறகு திரும்பி வருவார். கதையின் பிற்பகுதியில் வாக்குத் தவறி ஊர் எல்லையைத் தாண்டும் சுந்தரருக்குப் பார்வை போகிறது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைக்கின்றன. குறைபாடு என்பது தண்டனை, அது நீங்குவது அருள் என்ற இந்தப் பார்வை தமிழ் மேடையிலும் பிறகு திரையிலும் நெடுங்காலம் கூடவே வந்தது.

துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் இந்தப் பகுதிக்குப் புதிய மக்களைக் கொண்டுவந்தன. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. செங்கல்பட்டு, வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவர்கள் தங்கள் அம்மன் கோயில்களையும் அவற்றோடு தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். கூத்து இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருபவர் பாதியில் வந்து சேர்ந்தாலும் கதை புரியும். முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகள் தூங்குவார்கள், சண்டைக் காட்சியில் விழிப்பார்கள், மறுபடி தூங்குவார்கள். பின்னால் டீக்கடை. யாராவது உரக்கச் சிரித்தாலோ எழுந்து ஆடினாலோ ஆட்டம் நிற்காது. கட்டியக்காரன் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வசனம் பேசிவிடுவான்.

கட்டியக்காரனின் வேலை சிரிக்க வைப்பது மட்டுமில்லை. வரப்போவது யார், எந்த ஊர் ராஜா, எதற்காக வருகிறார் என்பதை அவன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னே வேடக்காரர் முதலில் பாடுகிறார். சலங்கை ஒலி கேட்கிறது, கிரீடத்தின் நுனி தெரிகிறது, துணிக்கு மேல் முகம் எட்டிப் பார்க்கிறது. பிறகுதான் திரை விலகும். முழு வேடமும் கண்ணில் படுவதற்குள் பார்ப்பவர் அதற்குப் பழகியிருப்பார். எதிர்பாராத மாற்றம் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாங்க முடியாதது. அதனால்தான் அவர்களையும் உள்ளடக்கி நடத்தும் இன்றைய காட்சிகளில் கதையையும் அரங்கையும் படங்களோடு விளக்கும் கையேட்டை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூத்தில் அந்த வேலையை ஒரு பாத்திரமே செய்தது.

ஆனாலும் கூத்துக்களத்தை அப்படியே லட்சிய அரங்காக்கிவிட முடியாது. முகவீணையும் மத்தளமும் தாளமும் காதைப் பிளக்கும், வெடியும் உண்டு. ஓசையைத் தாங்காத பிள்ளைக்கு முன்வரிசை நரகம். காப்பாற்றியது தூரம் ஒன்றுதான். எவ்வளவு தள்ளி நின்று பார்ப்பது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் தூரத்தைப் பறித்தது கொட்டகை. 1891 ஜூலை 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் சுகுண விலாச சபா தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடி, ஆச்சாரப்பன் தெருவில் வாழ்ந்த பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). பெல்லாரியிலிருந்து வந்து தெலுங்கு நாடகம் போட்ட கிருஷ்ணமாச்சார்லுவின் குழுவைப் பார்க்கும் வரை அவர் தமிழ் நாடகத்தை இளக்காரமாகவே நினைத்திருந்தார். இதை அவரே ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் பட்டதாரிகளும் நடிக்க, அதே வகுப்பினர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நாடகத்தை அவர் உருவாக்கினார். விடிய விடிய நடந்தது சில மணி நேரமாகச் சுருங்கியது. களம் விக்டோரியா பப்ளிக் ஹால் போன்ற கட்டடத்துக்குள் போனது. நடிப்புக்கு இதனால் கிடைத்த லாபம் பெரிது. மெல்லிய குரல், முகபாவம், உரைநடை வசனம் எல்லாமே அமைதியான கூட்டத்தை நம்பித்தான் வளர்ந்தன. ஐரோப்பாவிலும் இது புதிய வழக்கமாகவே இருந்தது. ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் வாக்னர் பார்வையாளர் பக்கத்து விளக்குகளை மங்க வைத்தது 1876-இல்தான்.

வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகை இரண்டுக்கும் நடுவில் நின்றது. தொழில்முறைக் கம்பெனிகளும் சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளும் அங்கே ஆடின. டிக்கெட் உண்டு, திரை உண்டு, மணி உண்டு. ஆனால் தரை டிக்கெட்காரர் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டால் நடிகர் செத்துக் கிடந்தாலும் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாக வேண்டியிருந்த காலம் அது. பிறகு சுகுண விலாச சபாவே மவுண்ட் ரோடுக்குப் போய் நாளடைவில் மனமகிழ் மன்றமாக மாறியது. சபா நாடகம் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர்ந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற சினிமாக் கொட்டகைகள்தான் வடசென்னையின் பொழுதுபோக்காக நின்றன. விசிலும் ஆட்டமும் அங்கே குற்றமில்லை. ஆனால் டி.டி.எஸ். ஒலி வந்த பிறகு அங்கும் தள்ளி நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

பார்வையாளர் பக்கம் இப்படி மாறிக்கொண்டிருந்தபோது மேடையில் வேறுபட்ட மனம் கொண்டவருக்குக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்று, நகைச்சுவை. சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வில் ராஜாவின் ஆசைநாயகி வசந்தசேனையின் மகன் வசந்தன் புத்தி மட்டுப்பட்டவன். இளவரசன் மனோகரனுக்குப் பதிலாக அவனை அரியணையில் ஏற்றத் தாய் துடிப்பதே அபத்தம் என்று சபை சிரிக்க வேண்டும். 1954-இல் வந்த படத்தில் காகா ராதாகிருஷ்ணன் அந்த வேடத்தில் வந்து கொட்டகையைச் சிரிக்க வைத்தார். அவருடைய ‘சபாபதி’யின் வேலைக்காரன் இன்னும் கவனிக்கத்தக்கவன். எஜமானர் சொல்லும் எதையும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வான், வழக்கில் அதற்கு வேறு பொருள் இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றாது. 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த படத்தில் காளி என். ரத்னம் அதில் பெயர் வாங்கினார். இன்றைக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் அந்தப் படத்தைப் பார்த்தால் வேலைக்காரனைப் பற்றித் தன் குறிப்பேட்டில் வேறு ஏதாவது எழுதக்கூடும். சம்பந்த முதலியாரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆட்டிசம் என்ற வரையறையை லியோ கானர் வெளியிட்டதே 1943-இல்தான்.

நாடகத்தைக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவரும் முயற்சி 1970-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ந. முத்துசாமி புரிசைக் கூத்தில் கண்டதை நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்து 1977-இல் கூத்துப்பட்டறையை அமைத்தார். ஞாநியின் நாடகக் குழுவான பரீக்‌ஷா அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தது. 1980-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வங்க நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சி முகாம், மேடையும் விளக்கும் இல்லாத நாடகத்தைத் தமிழ் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-இல் வீதிக்கு வந்தது. வீதி நாடகத்துக்கு ஆலை வாசல், பேருந்து நிறுத்தம், தெருமுனை எதுவும் களம்தான். பார்வையாளர் மறுபடியும் வட்டமாக நின்றார், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டினார். இதனால் வரக்கூடியவர்களின் வட்டம் விரிந்தது. ஆனால் அறிவுசார் வேறுபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை. வர்க்கமும் சாதியுமே அந்த நாடகங்களின் கேள்விகள்.

அந்தப் பிள்ளைகள் அப்போது இருந்தது சிறப்புப் பள்ளிகளில், பெரும்பாலும் வீட்டுக்குள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பால விகார் கீழ்ப்பாக்கத்தில் 1953-இல் தொடங்கியது, இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் 1985-இல். நகரின் இத்தகைய முக்கிய அமைப்புகள் பலவும் வடக்கே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. எண்ணூரிலிருந்து கோட்டூர்புரம் வரை ஒரு பிள்ளையை நெரிசலான பேருந்தில் கூட்டிச் செல்வதே ஒரு நாள் வேலை. சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-இன் சட்டம் பட்டியலை 21 ஆக உயர்த்தியதோடு, 29-ஆம் பிரிவில் கலையும் பொழுதுபோக்கும் உரிமை என்று எழுதியது. அதற்குள் சென்னையில் எபிலிட்டி பவுண்டேஷன் 2005-லேயே மாற்றுத் திறனாளிகள் திரைப்பட விழாவைத் தொடங்கியிருந்தது. தமிழ்த் திரையில் ஆட்டிசம் உள்ள சிறுவனைச் சிரிப்புக்கு ஆளாக்காமல் காட்டிய ‘ஹரிதாஸ்’ 2013-இல் வெளிவந்தது.

உலக மேடையில் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது ஒரு பிரிட்டிஷ் நாடகம். மார்க் ஹேடனின் 2003-ஆம் ஆண்டு நாவலைச் சைமன் ஸ்டீபன்ஸ் நாடகமாக்கினார். ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ என்ற அந்த நாடகத்தை மரியான் எலியட் இயக்க, லண்டன் நேஷனல் தியேட்டர் 2012-இல் அரங்கேற்றியது. பதினைந்து வயது கிறிஸ்டோபர் கணக்கில் புலி. யாரும் தொடுவது அவனுக்குப் பிடிக்காது, உருவகம் பொய் என்று ஒதுக்குவான். சபாபதியின் வேலைக்காரனுக்கும் அவனுக்கும் இந்த ஒரு குணத்தில் நெருக்கம் உண்டு. வித்தியாசம் என்னவென்றால் இங்கே சபை அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு உலகத்தைப் பார்க்கிறது. பன்னி கிறிஸ்டி வடிவமைத்த மேடை, கட்டம் போட்ட ஒரு பெட்டி. அதன் சுவரிலும் தரையிலும் எண்கள் ஒளியாக ஓடும். கிறிஸ்டோபர் தனியாக லண்டன் ரயில் நிலையத்தில் இறங்கும்போது அறிவிப்பும் விளம்பரமும் கூட்டமும் ஒரே நேரத்தில் வெடிக்கும்.

இங்கேதான் முரண் கிளம்புகிறது. ஆட்டிசம் உள்ளவர் படும் அவஸ்தையை மற்றவர்கள் உணர வேண்டுமென்று பாய்ச்சிய அந்த ஒளியும் ஓசையும், ஆட்டிசம் உள்ள பார்வையாளரை அரங்கைவிட்டே துரத்தக்கூடியவை. இத்தகைய சிக்கலுக்கு விடை, அரங்கின் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ரிலாக்ஸ்டு காட்சிகள். அந்த நாடகத்துக்கு முன்பே அவை தொடங்கியிருந்தன. நியூயார்க்கில் ‘தி லயன் கிங்’ நாடகத்துக்கு 2011 அக்டோபர் 2-ஆம் தேதி ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்றபடி ஒரு தனிக் காட்சி நடந்தது. பிரிட்டனிலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்த முறை பரவியது. அரங்க விளக்கை முழுதாக அணைப்பதில்லை. திடீர் ஓசையையும் சிமிட்டும் விளக்கையும் குறைக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கும், வெளியே ஓர் அமைதியான அறை இருக்கும். குரல் எழுப்பினால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். நாடகத்தின் வசனம் மாறுவதில்லை, கதையும் மாறுவதில்லை.

ராயபுரம்–எண்ணூர் பகுதியில் இப்படியொரு காட்சி என்றால் கணக்கு சற்று வேறு. நிரந்தர நாடக அரங்கு இல்லாத பகுதியில் கிடைப்பது பள்ளிக்கூட அரங்கும் கல்யாண மண்டபமும் திறந்தவெளியும்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் மண்டபத்தின் தகரக் கூரைக்குள் அப்படியே இறங்கும். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் செட்டும் சீரியல் விளக்கும் மின்விசிறியின் கடகடப்பும் சேர்ந்தால் லண்டன் அரங்கு செலவு செய்து உண்டாக்கிய ஓசை இங்கே இலவசமாகக் கிடைக்கும். ஆகவே மைக்கைத் தவிர்த்து, சாலையிலிருந்து உள்ளடங்கிய திடலில், பகல் வெளிச்சத்தில், வட்டமாக உட்கார வைத்து நடத்துவதே இந்த இடத்துக்கு எளிது. அப்படிச் செய்தால் அது கூத்துக்கும் வீதி நாடகத்துக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கூத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தூரமும் கட்டியக்காரனும். விட்டுவிட வேண்டியது வெடியும், வசந்தனைக் கண்டு சிரிக்கும் பழக்கமும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வேடத்தை யார் கட்டுவது என்ற கேள்வி கடைசியாக எழுந்தது. அமெரிக்காவின் இண்டியானா ரெபர்ட்டரி தியேட்டரில் 2017-இல் மிக்கி ரோவ் கிறிஸ்டோபராக நடித்தார். அந்த வேடத்தில் ஆட்டிசம் உள்ள நடிகர் ஒருவர் அந்த நாட்டில் தோன்றியது அதுவே முதல் முறை. தமிழ்நாட்டில் இந்தத் திசையில் நெடுநாளாக உழைத்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பரசுராம் ராமமூர்த்தி. ‘வேள்வி’ என்ற அமைப்பின் மூலம் ஆட்டிசம் உள்ளவர்களோடு நாடகப் பயிற்சி நடத்திய அவர் முகமூடியை முக்கியக் கருவியாக வைத்தார். எதிரே இருப்பவரின் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பது பலருக்கும் சங்கடம், முகமூடிக்குப் பின்னால் அந்தச் சங்கடம் குறைகிறது. பயிற்சி பெறுபவரே காகிதக் கூழில் முகமூடி செய்து வண்ணம் தீட்டி, அதைப் போட்டுக்கொண்டு ஒரு பாத்திரமாக நடந்து பார்க்கலாம், வேண்டாமென்றால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.