ஈப்போவின் கல்லுமலை

தைப்பூசத் திருநாளில் புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் காவடிகள், குனோங் சீரோ குன்றின் அடிவாரத்தில் எழுந்தருளியுள்ள சுப்பிரமணியர் ஆலயத்தை அடைகின்றன. ஈப்போத் தமிழர் அவ்விடத்தைக் கல்லுமலை என்பர். பெயர் எளியது, அக்கல்லின் வரலாறோ மிக நெடியது.

கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் அரணாக நிற்கின்றன. இரண்டும் கருங்கல் மலைகள். இடையே சமவெளியில் செங்குத்தாக எழுந்து நிற்பவை சுண்ணாம்புக்கல் குன்றுகள். கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகியதால் இக்கல் தோன்றிற்று. தென் இங்கிலாந்தின் வெண்சுண்ணக் குன்றுகளும் கடலில் பிறந்தவையே. ஆயினும் அவற்றின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. கிந்தாவின் கல்லோ 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அங்குள்ளவை மென்கல்லாலான புல்மேடுகள். இங்குள்ளவை மழையில் கரைந்தது போக எஞ்சி நிற்கும் கற்கோபுரங்கள்.

பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த கருங்கற்குழம்பு, சுண்ணாம்புக்கல்லைப் பல இடங்களில் பளிங்காக மாற்றியது. வெள்ளீயத்தையும் உடன் கொணர்ந்தது. மலைகள் தேய்ந்தபோது ஆறுகள் அரித்து வந்த ஈயமணல், பள்ளத்தாக்கின் சுண்ணாம்புத் தரையில் கரைந்துண்டான குழிகளிலும் இடுக்குகளிலும் தங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக இங்கு வந்ததும், ஈப்போ நகராக வளர்ந்ததும் அம்மணலின் பயனே. 1985இல் ஈயத்தின் விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

குன்றுகளைச் செதுக்கிய சிற்பி மழைநீரே. காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவை ஏற்று மென்புளிப்புற்ற நீர், கல்லின் வெடிப்புகளில் புகுந்து அதனைக் கரைக்கிறது. கோப்பேங் அருகேயுள்ள தெம்புரோங் குகை இவ்வாறு உருவானதே. தம்புன் பாறைச் சுவரில் பண்டை மாந்தர் ஓவியம் தீட்டினர். பிற்காலத்துச் சீனரும் தமிழரும் குகைகளில் வழிபாட்டிடங்கள் கண்டனர்.

எனினும் குகையைத் திறந்த நீரே குன்றின் அடியையும் அரிக்கிறது. 1973 அக்டோபரில் குனோங் சீரோவின் பெரும்பாறை பெயர்ந்து, அடிவாரக் குடியிருப்பின்மீது வீழ்ந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அடைக்கலம் தரும் குன்றே அழிவும் தரவல்லது என்பதை ஈப்போ அன்று உணர்ந்தது.

குன்றுக்கும் மனிதரால் அழிவு நேர்கிறது. சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் கிந்தாவின் குன்றுகள் பல உடைக்கப்பட்டுள்ளன. 2018இல் இப்பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஈயம் எடுத்த குழியில் நீராவது நிறையும். உடைத்த குன்று மீண்டும் எழாது. கல்லுமலையை வணங்குவோர் அதன் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு அடிவாரத்தில் வாழும் உயிரையும் காக்கும், மலையையும் காக்கும்.