பியானோவில் பாடும் பாணி

சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும் பியானோவில், குரலிசையின் மூச்சையும் நீட்சியையும் கொண்டுவர முயலும் வாசிப்பு முறை இது. இத்தாலிய ஓபராப் பாடகர்களைக் கேட்குமாறு தம் மாணவர்களை அறிவுறுத்திய இசையமைப்பாளர் ஷோப்பேன், இடக்கை தாளத்தை நிலையாகக் காக்க, வலக்கை பாடகரைப்போல் சற்றுத் தயங்கியும் முந்தியும் செல்ல வேண்டும் என்றார். பியானோ கலைஞர் தால்பெர்க் இதற்கெனவே 1853இல் ஒரு பயிற்சித் தொகுப்பு வெளியிட்டார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மணிக்கட்டை உயர்த்துவதும், சொற்றொடரின் உச்சத்தை நோக்கி ஒலியைப் படிப்படியாக வளர்ப்பதும் இதன் அடிப்படைகள்.

கர்நாடக இசையைப் பியானோவில் பாடவைப்பதில் சிக்கல் இன்னும் பெரிது: தோடி ராகத்தின் காந்தாரம்போல் அசைந்தே உயிர்பெறும் சுரத்தை, நிலைத்த சுருதி கொண்ட கட்டைகளால் அப்படியே தர இயலாது, அடுத்த கட்டையை நொடிப்பொழுது உரசி வந்து கமகம் எனும் அந்த அசைவை உணர்த்தத்தான் முடியும். சென்னையின் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து வழங்கும் இசையில் கமகம் பெரிதும் குரலின் பொறுப்பாகிறது. பியானோ, குரலின் நீண்ட கார்வைகளுக்கு அடியில் ஒத்திசைவை விரித்து, சாகித்தியத்தின் பொருளுக்கு இடம்விடுகிறது. குரலைப் போலச் செய்வதைவிட இந்த விலகலே நேர்மையான தீர்வு எனலாம்.