மார்ச் 25: கிரேக்கரின் விழாநாள்

கிரேக்க விடுதலைப் போர் 1821ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி தொடங்கிற்று என்பது அந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் அறிந்த செய்தி. அன்று அகியா லாவிரா மடத்திலே பத்திராசுப் பேராயர் கெர்மானோசு கொடியுயர்த்திக் கிளர்ச்சியாளருக்கு ஆசி வழங்கினார் என்பர். அக்காட்சியை 1865இல் விரிசாக்கிசு ஓவியமாகத் தீட்டினார். ஓவியத்தைக் கண்டவர் கதையை எளிதில் ஐயுறார்.

ஆயினும் நிகழ்ச்சிகளை நாள் முறைப்படி நிரைப்படுத்துங்கால் இக்கதை தளர்ந்துவிடுகின்றது. இப்சிலாந்திசு தம் படையோடு புரூத் ஆற்றைக் கடந்து மொல்தாவியாவினுட் புகுந்தது பெப்ரவரி 22இல் ஆகும். பெலொப்பொனேசின் தென்பாலுள்ள கலமாற்றா நகரம் மார்ச் 23இலேயே துருக்கியர் கையினின்று நீங்கிற்று. மாவ்ரொமிக்காலிசும் கொலொக்கொத்திரோனிசும் அங்கு முன்னின்றனர். பேராயர் தாம் எழுதிய நினைவுக் குறிப்புகளில் மடத்துக் கொடியேற்றத்தைக் குறிப்பிட்டாரல்லர். பிரெஞ்சுக்காரரான பூக்வில் 1824இல் வெளியிட்ட வரலாற்று நூலே அதனைப் பரவச் செய்தது.

அவ்வாறாயின் 25ஆந் திகதி எங்ஙனம் நிலைபெற்றது? அது கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை உரைத்த திருநாள். 1838இல் ஒட்டோ மன்னனின் ஆணை அத்திருநாளையே தேசிய விழாவாகவும் விதித்தது. மன்னன் பவேரியன், கத்தோலிக்கன். குடிகளோ பெரும்பாலும் கிழக்குத் திருச்சபையினர். போதாதற்கு, 1833இல் கிரேக்கத் திருச்சபையைக் கொன்சுதாந்திநோபிள் மறைமுதல்வரின் ஆளுகையினின்று பிரித்ததும் அவன் பெயரால் நடந்த அரசே. அத்தகைய அரசுக்குச் சமயமும் தேசமும் ஒன்றாய்க் கூடும் ஒரு நாள் மிகவும் வேண்டியிருந்தது என்பதே எமது கருத்து. இதனை வெறும் புனைவென ஒதுக்குதலும் பொருந்தாது. அம்மாத இறுதியில் பெலொப்பொனேசு எங்கும் கிளர்ச்சி மூண்டமை உண்மையே.

இன்னுமொரு சிக்கல் உண்டு. மேலே குறித்த 1821ஆம் ஆண்டுத் திகதிகள் பழைய யூலிய நாட்காட்டிக்குரியவை. கிரகோரிய முறைப்படி அந்த மார்ச் 25, ஏப்பிரல் 6 ஆகும். கிரேக்க அரசு 1923இல் பெப்ரவரி 15ஐ அடுத்த நாளை மார்ச் 1 எனக் கொண்டு புதிய நாட்காட்டிக்கு மாறியது. திருச்சபை 1924 மார்ச்சில் தானும் மாறியது. விழா திகதியின் பெயரைப் பற்றிக்கொண்டு பதின்மூன்று நாள் முன்னே நகர்ந்தது.

அதே மாதம் 25ஆந் திகதியிலேதான் தேசியப் பேரவை முடியாட்சியை ஒழித்துக் குடியரசைப் பிரகடனஞ் செய்தது. மன்னன் ஒருவனின் ஆணையாற் பிறந்த விழாநாள் மன்னராட்சியை நீக்குவதற்கும் உகந்த நாளாயிற்று! 1935இல் மன்னர் மீண்டார். 1974இல் மக்கள் வாக்கெடுப்பு முடியாட்சியை மறுபடியும் அகற்றியது. விழா மட்டும் எல்லா ஆட்சிகளின் கீழும் நடைபெற்றது. கலமாற்றா நகரத்தாரோ தமக்கென மார்ச் 23இலும் ஒரு விழா எடுத்து வருகின்றனர்.