இருபத்தேழு நிமிஷங்கள்

கோட்டையை எதிரிதான் முடக்க வேண்டும் என்பதில்லை. காவலுக்கென்று எழுதிய கட்டளையே கோட்டையை முடக்கிய விசித்திரம் 2019-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி நடந்தது.

கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க நிறுவனம் லட்சக்கணக்கான இணையதளங்களுக்கு வாயிற்காவல் செய்துவந்தது. அதன் சர்வர்களில் ஓடிய என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளின் வயிற்றுக்குள், பிரேசிலில் 1993-இல் பிறந்த லுவா என்ற சின்ன மொழியைப் பொதித்திருந்தார்கள். வருகிறவர்களைச் சோதிக்கும் விதிகள் அதன் வழியாக ஓடின.

அன்று கிரீன்விச் நேரம் பகல் 1.42-க்கு ஒரு புதிய விதி உலகமெங்கும் ஒரே சமயத்தில் அமுலுக்கு வந்தது. சில நிமிஷங்களில் சர்வர்கள் திணறின. போக்குவரத்து ஒரு கட்டத்தில் 82 சதவீதம் குறைந்தது. பகைவரின் தாக்குதலோ என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள்.

குற்றவாளி, எழுத்துக்களைத் தேடும் ஒரு சூத்திரம். 'எதுவாயினும், எத்தனையாயினும்' என்ற நிபந்தனையை அடுத்தடுத்து இருமுறை போட்டு, பிறகு ஒரு சமக்குறியைத் தேடச் சொன்னது அது. யந்திரம் எல்லா எழுத்துக்களையும் முதல் நிபந்தனைக்குக் கொடுத்துப் பார்க்கும், பொருந்தாவிட்டால் ஒன்றைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், மறுபடியும் தொடங்கும். சமக்குறியின் இரு புறமும் ஒவ்வோர் எழுத்தானால் 23 படிகள். வலப்புறம் 20 எழுத்துக்களானால் 555!

இத்தகைய ஓட்டத்தைத் தடுக்கும் காப்பு ஒன்று முன்பு இருந்தது. யந்திரத்தின் சுமையைக் குறைப்பதற்காகச் செய்த திருத்தத்தில், சில வாரங்களுக்கு முன் அது தவறுதலாக நீங்கிவிட்டது. சுமையைக் குறைக்கப் போய்ச் சுமையே வந்து சேர்ந்தது! சரிசெய்ய ஓடியவர்களுக்கோ இன்னொரு சங்கடம்: அவர்களுடைய சொந்தக் கருவிகளும் அதே வாயிலுக்குள்தான் இருந்தன. கடைசியில் 2.07-க்கு அந்தக் காவலையே உலகமெங்கும் நிறுத்தினார்கள். 2.09-க்கு மூச்சு திரும்பியது.

இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடாமல், எல்லா வழிகளையும் ஒருசேரக் கவனித்தபடி எழுத்துக்களை ஒரே முறையில் கடக்கும் உபாயத்தைக் கென் தாம்சன் 1968-லேயே அச்சிட்டிருந்தார். அரை நூற்றாண்டாக அலமாரியில் இருந்த மருந்து!

பிறகு நிறுவனம் நடந்ததை முழுவதும் எழுதி வெளியிட்டது. குற்றமுள்ள சூத்திரத்தை அப்படியே காட்டியது. எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒருவரின் பிழையோடு நிறுத்தாமல், தன்னுடைய ஏற்பாடுகளில் இருந்த ஓட்டைகளையும் சேர்த்துப் பதினொரு தவறுகளை வரிசைப்படுத்தியது. ஒரு தலையை வாங்கிக் கணக்கை முடிப்பது சுலபம். அப்படி முடிந்த கதைகளே சரித்திரத்தில் அதிகம். ஆனால் தலை போன பிறகும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.